கன்டெய்னர் ஓரம் ஒரு கடலோரம்

கேள்வி: நீஸிலிருந்து ஜெனோவா வரை கடலை ஒட்டியே காரில் போகிறார்கள். கல்மண்டபத்தில் பிறந்த எனக்கு அந்தக் கொடுப்பினை உண்டா?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: ஏன் இல்லை? பழவேற்காட்டுக்குப் புறப்படுங்கள். காசிமேடு தாண்டியதும் வலப்பக்கம் கடல் வந்துவிடும். நீஸ்-ஜெனோவா சாலையில் காரை ஓரங்கட்டினால்தான் காட்சியை ரசிக்க முடியும். இங்கே கன்டெய்னர் லாரி வரிசையே உங்களை நிறுத்தி வைத்து ரசிக்கச் சொல்லும். அவ்வளவு ரசனை வேண்டாமென்றால் ஞாயிறு விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள். திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி கடலைப் பார்த்தபடி இருக்கிறது. காதற்ற ஊசியும் கூட வராது என்றவர்; பெட்ரோல் விலை பற்றி அவரிடம் புலம்பாதீர்கள்.

எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலையாறு, மீனவர் படகு, மின் நிலையப் புகைபோக்கி எல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். அப்புறம் கடலை விட்டு விலகி மீஞ்சூர், பொன்னேரி வழி. பழவேற்காட்டில் ஐரோப்பாவும் உண்டு: முதலில் போர்ச்சுகீசியர், பிறகு 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டி முடித்த டச்சுக்காரர். கோட்டை இடிந்துபோயிற்று, கல்லறைத் தோட்டம் மிச்சம். அதன் வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் வரவேற்கும். செல்ஃபிக்கு நகரச் சொன்னால் நகரமாட்டார்கள்.

பழவேற்காடு ஏரி, சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும், பாஸ்போர்ட் இல்லாமலே. திரும்பும்போது நண்டு வாங்குங்கள். ஆனால் காசிமேட்டு விலையை அங்கே சொல்லிப் பேரம் பேசாதீர்கள்.