தாமிர மை: ஒரு தத்துவ விசாரணை

நீலமும் கறுப்பும் எழுதுவோருக்கு, சிவப்பு திருத்துவோருக்கு, பச்சை கெஜட் பதிவு பெற்ற அதிகாரிகளுக்கு என்று மைகளின் உத்தியோகப் பங்கீடு நம் நாட்டில் நெடுங்காலத்துக்கு முன்பே முடிந்துபோயிற்று. அந்தப் பாகப்பிரிவினையில் குன்றிமணியளவும் கிடைக்காமல் வெறுங்கையோடு நின்றது தாமிர நிறம். ஆதலின், அந்நிற மையைத் தொட்டு எழுதுகிறவன் எந்த அதிகாரத்தையும் செலுத்துவதில்லை, எந்தக் கடமையையும் ஆற்றுவதில்லை, சுத்தமான போகம் ஒன்றையே அனுபவிக்கிறான் என்பது இவ்வாராய்ச்சியின் துணிபு.

லண்டன் நகரில் 1864-ஆம் ஆண்டு தோன்றிப் பின்னர் லிவர்ப்பூலுக்குக் குடிபெயர்ந்த டயமின் கம்பெனியார் ‘ஏன்ஷியன்ட் காப்பர்’, அதாவது புராதனத் தாமிரம், என்னும் திருநாமம் சூட்டி விற்கும் 30 மில்லி லிட்டர் புட்டியே நமக்கு மூல கிரந்தம். இதில் தாமிரம் எங்கே என்பது பூர்வபக்ஷிகளின் முதல் ஆட்சேபம். தாமிரத்தின் உப்பையே கரைத்து ஒருவன் எழுதப் புகுந்தால், எழுத்து மயில்துத்தம்போல் நீலமாகவோ களிம்புபோல் பச்சையாகவோ வருமேயன்றிச் செம்பாய் வராது. செம்பிற் களிம்பை ஆணவ மலத்துக்கு உவமை கூறிவந்த சைவ சித்தாந்திகளுக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. சாயத்தைக் கொண்டே செம்பின் வர்ணத்தை அடைந்திருக்கும் இம்மை, அவ்வகையில் மலம் நீங்கிய தாமிரம்.

‘புராதனம்’ என்ற அடைமொழியும் வீண் அன்று. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் காய்ச்சிய மையும், மாசிக்காயைக் கொண்டு மேனாட்டார் செய்த மையும் எழுதிய நாளில் கறுப்பாகவே இருந்தன. அவற்றுள் பல, காலம் செல்லச் செல்ல, எழுதியவர் கனவிலும் கருதாத பழுப்பை எய்தின. அவர்களுடைய காகிதங்கள் சில நூற்றாண்டுகள் காத்திருந்து பெற்ற முதுமையை, நேற்றுப் புட்டி வாங்கியவன் பால் கணக்கு எழுதும்போதே பெற்றுவிடுகிறான்.

இனி ரசாநுபவம். கபில நிறம் என்று தனியாக ஒரு நிறம் வானவில்லில் கிடையாது; சுற்றிலும் வெளிச்சமிருக்கத் தான்மட்டும் இருண்டு நிற்கும் செம்மஞ்சளையே நம் கண் கபிலம் என்று கொள்கிறது. ஆகவே, பேனா முள் விரைந்து ஓடிய இடத்தில் மை மெல்லியதாய்ப் படிந்து செம்மஞ்சளாகவும், தயங்கிய இடத்தில் தேங்கிக் கபிலமாகவும் காய்கிறது. நீல மையில் இதே தேக்கம் அடர்நீலம் என்ற அளவோடு நிற்க, இங்கே வர்ணம் தன் பெயரையே மாற்றிக்கொள்கிறது. ஈரம் மறைந்து இந்தப் பேதம் தெளியும் அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் இம்மையை வாங்குகிறோம். அச்சமயத்தில் ஒற்றுத்தாளை நீட்டுகிறவன் எத்தனை நெருங்கிய சிநேகிதனாயினும் ரசிகன் ஆகான்.

முள் தயங்குவதற்கு நம் லிபியைப்போல் இடம்கொடுக்கும் லிபியை நான் கண்டதில்லை. மூன்று சுழி ணகரத்தில் ஒவ்வொரு சுழியும் ஒரு மடு. புள்ளியோ, முள் வந்து உட்கார்ந்தே எழுகிற ஆசனமாகையால், அங்கே நிறம் ஏறக்குறைய காப்பிக்கொட்டையாகிவிடுகிறது. இந்த உண்மை புலப்பட்ட நாள்முதல் என் சொல்வளம் அர்த்தத்தை விட்டுச் சுழியையும் புள்ளியையும் பின்தொடரலாயிற்று என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். சென்ற மாதம் வீட்டுக்காரருக்கு, வாடகை கொடுத்தாயிற்று, ரசீது அனுப்புங்கள் என்று இரண்டு வரி எழுத உட்கார்ந்தேன். ‘வாடகை’ என்பதில் ஒரு புள்ளிகூட இல்லை. டகரமோ இரண்டு கோடுகள் கூடிய வெறும் மூலை. ‘விண்ணப்பம்’ என்று எழுதினால் மூன்று புள்ளிகள். ‘மன்னிக்க வேண்டுகின்றேன்’ என்றாலோ ஐந்து. கடிதம் ஒரு பக்கம் நிறைந்தபோது, வாடகையையும் ரசீதையும் பற்றிய பேச்சே அதில் இல்லாமல், என்ன குற்றத்துக்கென்று விளங்காத பரிபூரணமான மன்னிப்பு விண்ணப்பமாக அது முடிந்திருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மாற்ற மனம் வரவில்லை, அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்காரர் மறுநாள் மாலை கடிதத்துடனேயே வந்துவிட்டார். “மன்னிப்பெல்லாம் எதுக்கு சார்? அடுத்த மாசம் சேர்த்துக் குடுங்க” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, ணகரங்களைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். “ஆனா, இதுமேல டிகாக்ஷன் கொட்டிட்டீங்கபோல இருக்கு.”