ஒன்பது பேர் கடை

நான் கணக்கெழுதும் பாத்திரக்கடையில் எப்போது கேட்டாலும் ஒன்பது பேர்தான் வேலை பார்க்கிறார்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தாலும் ஒன்பது, பழைய ஆள் ஒருவர் நின்றாலும் ஒன்பது. எங்கள் அண்ணாச்சி எண்ணுகிற விதம் அப்படி. பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்ததும் தங்களை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஆள் ஒன்று குறைகிறதே என்று அழுதார்கள் அல்லவா? அண்ணாச்சிக்கும் குறையும். ஆனால் அழமாட்டார்.

பத்து என்றால் அவருக்கு அவ்வளவு பயம். பத்து ஆள் ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ. வந்துவிடும், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு முதலாளி பங்காக 3.25 சதவீதம், ஊழியர் பங்காக 0.75 சதவீதம் கட்ட வேண்டும். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை வரும். பெண்கள் பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொன்னால் விசாரிக்கக் கடைக்குள்ளேயே குழு அமைக்க வேண்டும். "ஒரு ஆளு கூடுனா ஒரு சம்பளந்தான தம்பி கூடணும்? சர்க்காருமுல்ல கூடவே வருது" என்பார்.

ஆகவே எங்கள் கடையில் பத்தாவது ஆள் உடனே வேறு எதுவாகவோ மாறிவிடுவார். லோடு இறக்குகிறவர் லாரியோடு வந்தவர். அந்த லாரி போய் மூன்று வருஷம் ஆகிறது. சாக்கு தைக்கிற அக்கா பக்கத்துக் கடைக்கு வந்தவர், நிழலுக்காக இங்கே உட்கார்ந்திருக்கிறார். கல்லாவில் இருக்கும் மச்சினன் சொந்தம். சம்பளம் வாங்கினால் மச்சினனும் ஊழியர்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "அவனுக்குக் குடுக்கது சம்பளமில்ல தம்பி. அது வீட்டு நிம்மதிக்கு ஆகுற செலவு" என்றார். அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். விற்பனையில் நின்ற ஒருவர் சட்டென்று வாடிக்கையாளராகி, தோசைக்கல் என்ன விலை என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை, பேரமும் பேசினார். கொள்முதல் விலை தெரிந்தவர் பேரம் பேசினால் என்ன ஆகும்? ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாச்சி நஷ்டத்துக்கு ஒரு தோசைக்கல் விற்றார்.

ஆள் கணக்கே பார்க்காமல் வரும் சட்டங்களும் உண்டு. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். நாள் முழுக்க நின்று கால் வீங்கியவர்களுக்கு இப்படி ஒரு சட்டம் வர 2021 ஆகியிருக்கிறது என்பதே வெட்கக்கேடு. அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் ஸ்டூல்கள் வாங்கிப் போட்டார். அதே வாரம் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து பித்தளை அண்டா சரக்கு வந்தது. அப்புறம் அண்டாக்கள் உட்கார்ந்தன, ஆட்கள் நின்றார்கள்.

எங்களுக்கு எதிரே ஜவுளிக்கடை. அவர்களுடைய பயம் இருபது. இருபது பேர் ஆனால் பி.எஃப்., இரண்டு பக்கமும் 12 சதவீதம். அவர்கள் கடை நடுவே பலகைத் தடுப்பு ஒன்றை வைத்து, பாதியை வீட்டம்மா பெயரில் தனி நிறுவனமாக்கினார்கள். சேலை எடுத்துவிட்டு ரவிக்கைத் துணிக்குப் போகிறவர்கள் தடுப்பில் உள்ள கதவு வழியாக முதலாளி மாறிப் போய்வந்தார்கள். பிரிவு, கிளை எல்லாம் சேர்த்து ஒரே நிறுவனமாகத்தான் பி.எஃப். சட்டம் பார்க்கும் என்ற சேதி அந்தக் கதவு வழியாகவே கொஞ்ச நாளில் உள்ளே வந்தது.

எங்களுக்குச் சேதி வந்தது பித்தளைப் பிரிவுப் பெரியவர் மூலமாக. இருபது வருஷம் வேலை பார்த்தவர், முட்டிவலி என்று நின்றுகொண்டார். அண்ணாச்சி வேட்டி துண்டு, ஒரு குத்துவிளக்கு, கண்ணீர் எல்லாம் கொடுத்தார். பெரியவர் அனைத்தையும் வாங்கிக்கொண்டு, "அப்ப கிராஜுவிட்டி?" என்றார்.

"நம்ம கடையில ஒன்பது பேர்தானய்யா" என்றார் அண்ணாச்சி.

இங்கேதான் சட்டத்தின் குசும்பு. முந்தைய 12 மாதத்தில் ஏதாவது ஒரே ஒரு நாள் பத்துப் பேர் வேலை பார்த்திருந்தாலும் போதும், பணிக்கொடைச் சட்டம் அந்தக் கடைக்குப் பொருந்தும். ஒருமுறை பொருந்திவிட்டால், பிறகு ஆள் ஒன்பதானாலும் ஐந்தானாலும் விடாது. வீட்டு மருமகன் கூட இவ்வளவு உறுதியாக ஒட்டிக்கொள்ள மாட்டார்.

பெரியவர் வாதாடவில்லை. கல்லாவுக்கு மேலே, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த ஆயுத பூஜை போட்டோவைக் காட்டினார். சந்தனம் குங்குமத்தோடு கடை முழுக்க வரிசையாக நிற்கிறது. கீழே தேதி. பெரியவர் ஸ்டூலிலிருந்து அண்டாவை இறக்கிவிட்டு, அதன்மேல் ஏறி, விரல் வைத்து எண்ணினார். பதினான்கு. சாக்கு தைக்கிற அக்கா முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

கணக்கு நான்தான் போட்டேன். கடைசிச் சம்பளம் 13,000 ரூபாய். 26-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 500. வருஷத்துக்கு 15 நாள் என்றால் 7,500. இருபது வருஷத்துக்கு 1,50,000. முப்பது நாளில் தராவிட்டால் வட்டியும் உண்டு என்று சொன்னேன். அண்ணாச்சி என்னை முறைத்தார், பெரியவர்தான் என்னை வேலைக்கு வைத்ததுபோல. ஆனால் இருபத்தொன்பதாம் நாள் காசோலை எழுதிவிட்டார்.

2025 நவம்பரில், பழைய 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பேப்பரில் படித்துச் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும். பத்து இன்னும் பத்துதானா?" என்று மட்டும் கேட்டார். கிராஜுவிட்டிக்குப் பத்துதான் என்றேன். மீதி இருபத்தெட்டைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

பெரியவருக்குப் பணம் கொடுத்த வருஷத்து ஆயுத பூஜைக்குப் போட்டோக்காரர் வழக்கம்போல வந்தார். அண்ணாச்சி அவரைத் தனியே கூப்பிட்டு, "ரெண்டு படமா எடுத்திருங்க. முதல்ல ஒன்பது பேரு, அடுத்ததுல மிச்சம்" என்றார். அவரே ஆள் பிரித்து நிறுத்தி, இரண்டு தடவை எண்ணியும் பார்த்தார். பிளாஷ் அடிக்கிற நேரத்தில், இரண்டாவது படத்துக்கென்று ஒதுக்கிய மச்சினன் துண்டைச் சரிசெய்துகொண்டே ஓடிவந்து நடுவில் நின்றுவிட்டார்.