இரண்டாவது சந்தர்ப்பம் விற்பனைக்கு

கொழும்புப் புறக்கோட்டை நடைபாதையில் ‘சீயாய், சீயாய்’ (நூறு ரூபாய்) என்று கூவி விற்காத பொருள் இல்லை. காலுறை, கைபேசி உறை, பொங்கலுக்குத் தோரணம், வெசாக்குக்குக் கூடு. இன்னும் வந்து இறங்காத சரக்கு ஒன்றுதான் உண்டு: இரண்டாவது சந்தர்ப்பம். வந்தால் ஒரே பகலில் தீர்ந்துவிடும். விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் அதை எங்கோ மொத்த விலையில் கொடுக்கிறார்கள்.

சனிக்கிழமை மருமகனுக்குத் துடுப்பு வாங்கப் போனேன். பதினொரு வயதுப் பையன். பாடசாலை அணியில் சேர்த்திருக்கிறார்கள். பத்தாயிரத்துக்குள் இங்லிஷ் வில்லோ இருக்குமா என்று கேட்டதற்குக் கடைக்கார நானா சிரித்தார். “பத்தாயிரத்துக்குப் பிடிய மட்டும் தரேலும் தம்பி.”

பக்கத்தில் ஒருவர் கையுறை பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு பெரிய கல்லூரியின் பழைய மாணவர். சட்டைப் பையில் இலச்சினை. ஒரு கையில் கையுறை, மறு கையில் கைபேசி. கேட்காமல் இருக்க முடியாத குரல். அவர்களுடைய முன்னாள் அணித்தலைவர் மனைவியை அடித்து, விஷயம் பொலிஸ் வரை போயிருக்கிறது. ஆனால் வர்ண விருது விழாவுக்கு அவரையே பிரதம விருந்தினராகப் போட்டு அழைப்பிதழ் அடித்தாயிற்று.

“அது அவங்கட குடும்ப விஷயம் மச்சான். ஒரு பிழை விட்டா ஆளையே அழிக்கிறதா? செகண்ட் சான்ஸ் ஒண்டு குடுக்கத்தான் வேணும்.” போனை வைத்துவிட்டு நானாவிடம் திரும்பினார். “இதில தையல் விட்டிருக்கு. வேற எடுங்க.”

கையுறைக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

விளையாட்டு வீர வழிபாட்டை நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறோம். இங்கே கல்லூரி என்றாலே பள்ளிக்கூடம்தானே. ரோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் 1879 முதல் கிரிக்கெட்டில் மோதுகிறார்கள். மார்ச் மாதம் வந்தால் பப்பரே வாத்தியம், லொறி, கொடி. அதே வாரத்தில் பையன்கள் மகளிர் கல்லூரிகளின் மதிலேறிக் குதிப்பதும் உண்டு. அதற்கு ‘பாரம்பரியம்’ என்று பெயர். அதிபர் கேற்றைப் பூட்டுகிறார், பெரியவர்கள் தங்கள் காலத்து மதில்களை நினைத்துப் புன்னகைக்கிறார்கள். பூட்டிய கேற் ஏறிக் குதிப்பதற்குத்தான் என்று பதினேழு வயதில் கைதட்டி வாங்கியவனுக்கு, முப்பது வயதில் படுக்கையறைக் கதவு பூட்டியிருந்தால் மட்டும் எப்படிப் புரியும்?

கிரிக்கெட் சபைகளுக்கு ஒழுக்கம் தெரியாது என்று சொல்லாதீர்கள். நன்றாகத் தெரியும். 2021 ஜூனில் டர்ஹமில் கொவிட் பாதுகாப்பு வளையத்தை விட்டு இரவில் வெளியே போனதற்காக எங்கள் வீரர்கள் தனுஷ்க குணதிலக்க, குசல் மெண்டிஸ், நிரோஷன் டிக்வெல்ல மூவருக்கும் சர்வதேசப் போட்டிகளில் ஓராண்டுத் தடை, ஆளுக்கு ஒரு கோடி ரூபாய் தண்டம். தெருவில் உலாவியதற்கு. அடுத்த ஜனவரியிலேயே தடை கரைந்து போனது வேறு கதை.

அதே குணதிலக்க 2022 நவம்பரில் பாலியல் குற்றச்சாட்டில் சிட்னியில் கைதானார். 2023 செப்டம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது, சபையும் கைதானபோது விதித்த தடையை நீக்கியது. சரி, அதோடு முடிந்தது, எனக்கு வாதமில்லை. என் கோபம் வேறு. சிட்னி நீதிபதிக்குப் பத்து மாதத்துக்கு மேல் எடுத்த வேலையை எங்கள் ஆட்கள் கைதான அன்றே, ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள். விசாரிக்கப்பட்டது முறையிட்ட பெண். ஏன் போனாள், எதற்குப் போனாள், எவ்வளவு கேட்கிறாள்?

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே தராசுதான். 2018 மார்ச்சில் இந்தியப் பந்துவீச்சாளர் முகமது ஷமி அடித்துத் துன்புறுத்தினார் என்று அவருடைய மனைவி கொல்கத்தா பொலிஸில் முறையிட்டார். ஷமி எல்லாவற்றையும் மறுத்தார். நிரூபணமானது என்று நானும் சொல்லவில்லை. இந்திய சபை அவருடைய ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. அடடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், சபையின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்தது ஆட்ட நிர்ணயப் புகாரை மட்டும். அதில் ஒன்றுமில்லை என்றதும் அதே மாதம் ஒப்பந்தம் கைக்கு வந்தது. பந்துக்குப் பங்கமில்லை, ஆகவே பங்கமே இல்லை.

அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸ், தான் மணக்கவிருந்த பெண்ணை 2014இல் மின்தூக்கிக்குள் அடித்து வீழ்த்தினார். மயங்கிக் கிடந்தவரை வெளியே இழுத்துவரும் காட்சியைப் பார்த்த பிறகும் இரண்டு ஆட்டத் தடைதான். அடிக்கும் காட்சியே வெளிவந்த பிறகுதான் அணி அவரை வெளியேற்றியது. அடி அதே அடி. தண்டனை கமராவுக்கு.

இனி எங்கள் சட்டப் புத்தகம். 2019இல் நாடாளுமன்றம் விளையாட்டு ஊழலுக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆட்ட நிர்ணயம் செய்தால் 10 ஆண்டு வரை சிறை, 10 கோடி ரூபாய் வரை தண்டம். தெற்காசியாவிலேயே முதலில் செய்தது நாங்கள்தான் என்று மார்தட்டினோம். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்கு மூத்தது, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கம். அடிவாங்கியவள் பொலிஸில் ‘சமாதானமாகப் போங்கோ பிள்ளை’ என்பதைக் கேட்டு, வீட்டில் ‘பிள்ளைகளை நினை’ என்பதைக் கேட்டு, அதையும் தாண்டி நீதவான் முன் நின்று பாதுகாப்புக் கட்டளை வாங்குகிறாள் என்று வையுங்கள். அந்தக் கட்டளையை அவன் மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். இந்தச் சட்டம் எழுதிய விலை அது. விக்கெட்டுக்கும் விலா எலும்புக்கும் நடுவே பத்தாயிரம் மடங்கு. கணவன் பலவந்தப்படுத்தினாலோ, நீதிமன்றம் அவர்களைப் பிரித்து வைத்திராத வரை, தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு அதை வல்லுறவு என்றே அழைக்காது.

2019இல் தொகைமதிப்புத் திணைக்களம் எடுத்த பெண்கள் நல்வாழ்வு ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையிடமே உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவர். விழா மண்டபத்தில் மனைவிமாருக்கு ஒதுக்கிய வரிசையில் ஐந்து ஐந்தாக எண்ணிப் பாருங்கள்.

திருந்தியவனைப் பட்டினி போடு என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போகட்டும், உழைக்கட்டும், பிள்ளைச் செலவைக் கட்டட்டும். ஆனால் பிழைப்பு வேறு, மாலை வேறு. அணித்தலைமையும் பிரதம விருந்தினர் நாற்காலியும் யாருடைய பிறப்புரிமையும் அல்ல. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் 2017இல், பாலியல் வன்முறையோ வீட்டு வன்முறையோ செய்ததாகத் தீர்ப்பானவனை அணியில் சேர்ப்பதில்லை என்று விதி எழுதியது. 2024இல் அவுஸ்திரேலிய கிரிக்கெட் சபை, பொருத்தமற்ற நடத்தைக்காக, எங்கள் முன்னாள் துடுப்பாட்ட வீரர் துலிப் சமரவீரவுக்குப் பயிற்றுநராகவோ வேறெந்தப் பதவியிலோ இருக்க 20 ஆண்டுத் தடை விதித்தது. வானம் இடிந்து விழவில்லை. கிரிக்கெட் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது சந்தர்ப்பம் கேட்கும் பழைய மாணவர்களே, முதல் அடி விழுந்த இரவில் அவள் கதவைத் திறந்து வெளியே வர உங்களில் யார் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தீர்கள்? கொழும்பில் அவளுக்கு வாடகைக்கு ஓர் அறை யார் கொடுத்தீர்கள்? அழைப்பிதழில் அவள் பெயர் இருக்கிறதா? இருக்கிறது: ‘திரு. மற்றும் திருமதி’.

நானா கடைசியில் ஒரு காஷ்மீர் வில்லோவை எடுத்துத் தந்தார். வீட்டு வன்முறைச் சட்டம் கேட்கக்கூடிய அதிகபட்சத் தண்டத்தை, இரண்டு ஐயாயிரம் ரூபாய்த் தாள்களாக, மேசையில் வைத்தேன். துடுப்பும் வந்தது, மிச்சம் ஐந்நூறும் வந்தது.