வந்த வண்டிதான் திரும்பும்

கப்பல் மாலை 5 மணிக்குக் கிளம்பும், ஆனால் 3 மணிக்கே வாசலைச் சாத்திவிடுவோம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது.

“அப்ப அஞ்சுன்னு எதுக்குங்க போட்டிருக்குது?” என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி. எங்கள் சேந்தமங்கலத்தில் 5 மணி பஸ் என்றால் 5.10 வரைக்கும் ஏறலாம். கொல்லிமலை பஸ் என்றால் கேட்கவே வேண்டாம். நாமக்கல்லிலிருந்து வந்து நிற்கும். டிரைவர் டீ குடிக்கப் போவார். காரவள்ளி தாண்டி 70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டிய மனுஷன், அவரை அவசரப்படுத்த யாருக்கு மனசு வரும்? வண்டி நகர்ந்த பிறகும், யாராவது ஒரு அம்மா சாக்குப்பையோடு தெருமுனையில் கையைக் காட்டினால் கண்டக்டர் விசில் ஊதி நிறுத்துவார். ஏறியதும் திட்டுவார். அந்தத் திட்டும் டிக்கெட் காசிலேயே சேர்த்தி. இப்படி ஏறிப் பழகிய ஜனங்கள் நாங்கள்.

கல்யாணமாகி 25 வருஷம் ஆனதற்காக, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட் அது. சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரி, மறுபடி சென்னை. என் தாய்மாமாவுக்கும் சேர்த்து எடுத்திருந்தாள். துறைமுகம் வரை போய்ச் சேருவது எங்கள் பொறுப்பு. அன்றைக்கே சேலத்திலிருந்து விமானத்தில் போவதா, முந்தின நாளே ரயிலில் போய்விடுவதா? இந்த ஒரு கேள்வியில் எங்கள் வீடு மூன்று வாரம் கிடந்தது.

நான் விமானக் கட்சி. அதற்குக் காரணம் உண்டு. ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் 1993ல் திறந்தது. கொஞ்ச காலம் விமானம் வந்தது, கூட்டமில்லை என்று நின்றது. 2009ல் கிங்ஃபிஷர் வந்தது, 2011ல் போனது. 2018ல் ட்ரூஜெட் வந்தது, 2021ல் அதுவும் போனது. 2023 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டுப் பழைய கிரைண்டர்கூட இத்தனை தடவை நின்று ஓடியதில்லை. ஓடுகிறபோதே ஒரு தடவை ஏறிவிட வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு நோட்டில் கணக்கும் போட்டேன். காலையில் வீட்டில் கிளம்பி ராசிபுரம், சேலம் வழியாகக் காமலாபுரம். 1 மணிக்கு மீனம்பாக்கம். அங்கிருந்து டாக்ஸி பிடித்தால் 2 மணிக்கு ஹார்பர். கையில் முழுசாக ஒரு மணி நேரம் மிச்சம்.

மாமா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். 36 வருஷம் லாரி ஓட்டியவர். கல்கத்தா வரைக்கும் முட்டை லோடு ஏற்றிப் போனவர். பிசகில்லாத கணக்கைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

“வண்டி எங்கிருந்து வருது மாப்ள?”

“மெட்ராஸ்ல இருந்துங்க மாமா. வந்து, அதேதான் திரும்பிப் போகும்.”

“அப்ப அது வந்தாத்தான நீ போவே?”

நான் விழித்தேன். சேலத்துக்கு வருவது ஏடிஆர் என்னும் சின்ன விமானம், 70 சொச்சம் பேர் உட்காரலாம். நாள் முழுக்க ஊர் ஊராக டிரிப்பு அடிக்கிற வண்டி. காலையில் எங்கோ ஓர் ஊரில் பனியால் அரை மணி தாமதமானால், அந்த அரை மணி அடுத்த ஊரில் முக்கால் மணியாகி, நம்ம ஊருக்கு வரும்போது வட்டியும் முதலுமாக வந்து நிற்கும். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகிறவனுக்கு ஒரு விமானம் தவறினால் அன்றைக்கே இன்னும் பத்து இருக்கும். எங்களுக்கு அடுத்த விமானம் நாளைக்கு. நாளைக்கு நாங்கள் காமலாபுரத்தில் நிற்போம், கப்பல் வங்காள விரிகுடாவில் நிற்கும்.

மாமா அதோடு விடவில்லை. ஒருமுறை கண்டெய்னர் லோடோடு ஒரு ஹார்பர் வாசலில் (எந்த ஹார்பர் என்று நான் சொல்லப் போவதில்லை) மூன்று நாள் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்ததைச் சொன்னார். “ஹார்பர்னா ஒரு நா முன்னாடி போயரோணும்” என்றார். பிறகு கப்பலைப் பற்றி விசாரித்தார். 2022 ஜூனில் சென்னையில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்த அதே கப்பல்தான், பிரான்ஸில் 1990ல் கட்டியது என்றேன்.

“தொண்ணூறு மாடலா? எஃப்.சி. காட்டியிருக்காங்களா?”

அந்தக் காலத்தில் இந்தத் தலைவலி இல்லை. 1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் போட் மெயில் ஏறினால் ரயில் நேராகத் தனுஷ்கோடித் துறைக்கே போய் நிற்கும். இறங்கினால் எதிரே தலைமன்னார் போகும் நீராவிக் கப்பல். கர்சன், எல்ஜின் என்று வைஸ்ராய்கள் பேரைக் கப்பலுக்கு வைத்திருந்தார்கள். ரயிலும் கப்பலும் ஒரே தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையவை. ரயில் வராமல் கப்பலுக்குத்தான் போய் என்ன வேலை? 1964 டிசம்பர்ப் புயல் அந்தத் துறையையே அழித்துவிட்டது. இப்போது விமானக்காரனுக்குக் கப்பல் ஒன்று இருப்பது தெரியாது, கப்பல்காரனுக்கு விமானத்தைப் பற்றிக் கவலை இல்லை. இரண்டுக்கும் நடுவில் பெட்டியோடு ஓடுவது நாம்.

மகள் போனில் ஒரு கதை சொன்னாள். சொல்லாமலிருந்திருக்கலாம். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ தோமே தீவில் சுற்றிப்பார்க்கப் போன எட்டுப் பயணிகள் நேரத்துக்குத் திரும்பவில்லை. கப்பல் இன்னும் நங்கூரம் எடுக்கவில்லை, கண்ணெதிரே நிற்கிறது. கடலோரக் காவல் படகில் பக்கத்தில் போயும் ஏற்றவில்லை. அவர்களுடைய பாஸ்போர்ட்டைக் கரையில் ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் போய்விட்டது. பின்னாலேயே துரத்திக்கொண்டு காம்பியா போனார்கள். அங்கே அலையும் நீர்மட்டமும் சரியில்லை என்று கப்பல் கரைக்கே வரவில்லை. கடைசியில் செனகலில் டாக்கர் துறைமுகத்தில்தான் பிடித்தார்கள்.

“கண்ணுக்கு முன்னால நிக்கிற கப்பல்ல ஏத்தலையா? மனுசங்களா அவங்க?” என்றாள் மனைவி. எங்கள் ஊர்க் கண்டக்டர்கள் மேல் அன்றைக்கு அவளுக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

கப்பலுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. துறைமுகத்தின் பைலட் வந்து ஏறி வழிகாட்ட வேண்டும், இழுவைப் படகுகள் வந்து இழுக்க வேண்டும், அடுத்த ஊரில் அதற்கென்று ஒதுக்கிய இடத்துக்கு அதற்கென்று ஒதுக்கிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஒரு அம்மா கையைக் காட்டுகிறாள் என்று நிறுத்த முடியாது. இது புரிந்ததும் நான் கட்சி மாறினேன். போதாததற்கு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தையே மூடிய செய்தியும் ஞாபகம் வந்தது. நாங்கள் போவது ஜூலை மாதம்தான். பயத்துக்கு மாதமா தெரியும்?

ஆக, முந்தின நாள் பகல் ரயிலில் சேலத்தில் ஏறி, அம்பத்தூரில் சித்தி வீட்டுக்குப் போய் இறங்கினோம். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை 9 மணிக்கே பெட்டியெல்லாம் வாசலில்.

“கப்பல்ல என்ன போடுவானோ, வாய்க்கு ருசியா சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க” என்றார் சித்தி. சித்தப்பா கறி வாங்கப் போனார். 10 மணிக்குப் போனவர் 11.15க்கு வந்தார், கடையில் கூட்டமாம். மசாலா அரைக்கும்போது கரண்ட் போனது. சித்தி அம்மியைக் கழுவினார். அம்மி கழுவும் சத்தம் கேட்டு எனக்கு வயிறு கலங்கியது. மாமா மட்டும் வாசலில் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப் பித்தான் கழுத்து வரை போட்டு, 11 மணியிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். 12.45க்கு இலை போட்டார்கள். குழம்பு கொதிக்கக் கொதிக்க ஊற்றினார்கள். ஆறட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. சித்தியின் மனசை நோகடிக்கவும் முடியாது. ஊதி ஊதித் தின்றேன். இன்னொரு கரண்டி வந்தது. கையால் மறைத்தேன். விரல்மேலேயே ஊற்றினார்.

2.40க்கு ஹார்பரில் இறங்கினோம். ஒரு நாள் முன்னால் புறப்பட்டுப் போய், ஓடித்தான் ஏறினோம். கடைசியாக உள்ளே போன பத்துப் பேரில் மூன்று பேர் நாங்கள். எங்களைப் பார்த்த கவுன்ட்டர் பெண் சிரித்தபடி, “இன்னைக்கு ஃப்ளைட்ல வந்தீங்களா சார், லேட்டாயிடுச்சா?” என்றாள். மாமா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் எதிரே ஒரு தம்பதி. ராசிபுரத்துக்காரர்கள், பட்டுச்சேலை வியாபாரம். ஊர்ப்பேச்சு ஒட்டிக்கொண்டது.

“காலைல வீட்டுல தோசை சாப்பிட்டுட்டுத்தானுங்க கெளம்புனோம்” என்றார் அவர். “சேலத்துல ஏறுனோம், பத்து நிமிசம் முன்னாடியே எறக்கிட்டானுங்க. ஒன்னே முக்காலுக்கெல்லாம் ஹார்பர்.”

மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு விரல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மாமா அவசரமில்லாமல் சப்பாத்தியைப் பிய்த்தார்.

“திரும்பிப் போறது எப்பிடிங்க?”

“அதுவும் ஃப்ளைட்டுதானுங்க. கப்பல் மெட்ராஸ் வர்ற அன்னைக்கே புக் பண்ணிட்டேன்.”

மாமா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“கப்பல் எங்கிருந்து வருதுங்க?”

“பாண்டிச்சேரில இருந்து வருதுங்க...”

“அப்ப அது வந்தாத்தான நீங்க போவீங்க?”

ராசிபுரத்துக்காரர் ஐஸ்கிரீமைப் பாதியில் வைத்தார். விசாரிக்கிற கவுன்ட்டர் எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்டார்.