ஊற்றிய பின் பெயரிடல்: லாட்டே கலையில் பிழையின் தோற்றமும் வளர்ச்சியும்

காபிக் கோப்பையின் மேல் பாலை ஊற்றி உருவம் வரையும் லாட்டே கலைக்கு வந்த கையேடுகள் எல்லாம் எப்படி வரைவது என்பதையே பேசுகின்றன. வரைந்து முடித்ததை என்னவென்று சொல்லி மேசையில் வைப்பது என்ற வினாவை அவை கண்டுகொள்வதில்லை. கற்கத் தொடங்கியவருக்கு முதல் நாளே எழும் வினா அது. அக்குறையை நீக்க முற்படுகிறது இவ்வாய்வு.

லாட்டே உருவங்கள் இருவகைப்படும். ஒன்று, கருதி ஊற்றியது. மற்றொன்று, ஊற்றிய பின் கருதியது. முதல் வகையில் இதயம், ரொசெட்டா எனப்படும் இலை, டுலிப், அன்னம் எனச் சில உருவங்களே பெருவழக்கு. இரண்டாம் வகைக்கு எல்லை இல்லை. இருந்தும் அறிஞர்கள் முதல் வகையையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

முதல் வகையின் வரலாறு சிறியது. வரைவதற்கு ஒரு பரப்பு வேண்டும். அதைத் தந்தவர் மிலான் நகரத்து அகில்லே காஜ்ஜியா. 1938இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர், போர் முடிந்தபின் நெம்புகோல் காபி இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். உயர் அழுத்தத்தில் இறங்கிய காபியின் மேல் பழுப்பு நிறப் படலம் ஒன்று மிதந்தது. க்ரீமா என்பது அதுதான். இன்றைய இயந்திரங்கள் சுமார் 9 பார் அழுத்தத்தில் அதை வரவழைக்கின்றன. பிறகு சியாட்டிலில் எஸ்பிரஸோ விவாச்சே கடையை நடத்திய டேவிட் ஷோமர் எண்பதுகளின் இறுதியில் இதயத்தைத் தம் கடையின் அடையாளமாக்கினார். 1992இல் ரொசெட்டா கைவந்தது. இத்தாலியக் கடையொன்றின் புகைப்படத்தைப் பார்த்து, கை எப்படி அசைந்திருந்தால் இது வந்திருக்கும் என்று அவர் பின்னோக்கி யோசித்துப் பிடித்தார். நம் இரண்டாம் வகையினரும் பின்னோக்கித்தான் யோசிக்கிறார்கள். கையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும்.

இனி, பிழை எங்கே பிறக்கிறது? மணிக்கட்டில் என்பது உலக வழக்கு. கற்பவர் மணிக்கட்டை நொந்துகொள்கிறார், உதறுகிறார், வலக்கையை விட்டு இடக்கைக்கு மாறியும் பார்க்கிறார். இவ்வாய்வு அக்கொள்கையை முற்றாக மறுக்கிறது. பிழை ஜக்கில் பிறக்கிறது, அதுவும் நீராவி திறந்த முதல் சில நொடிகளில். குளிர்ந்த பாலில் நீராவிக் குழாயின் முனை மேற்பரப்புக்குச் சற்றே கீழே நிற்க வேண்டும். அப்போது ‘ஸ்ஸ்’ என்ற சன்னமான ஓசையோடு காற்று உள்ளே போகும். பால் வெதுவெதுப்பாகும் முன் அந்த ஓசையை நிறுத்தி, முனையைக் கொஞ்சம் ஆழ்த்தி, பாலைச் சுழலவிட வேண்டும். சுழற்சியில் பெரிய குமிழிகள் உடைந்து கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகளாகின்றன. பாலின் புரதங்கள் அவற்றைச் சுற்றிப் படிந்து தாங்கிப் பிடிக்கின்றன. 60 முதல் 65 டிகிரிக்குள் நிறுத்திவிட வேண்டும். 70ஐத் தாண்டினால் காய்ச்சிய வாடை எழும், நுரையும் தடிக்கும். நல்ல நுரை ஈரப் பெயின்ட் போலப் பளபளக்கும். கெட்ட நுரை ஜக்கின் மேல் தனியாகவும் பால் அடியில் தனியாகவும் குடித்தனம் நடத்தும்.

இந்த உண்மை ஏன் பரவவில்லை? காணொளிகளில் நீராவிப் பகுதி காதைத் துளைக்கும் இரைச்சல். அதை வெட்டிவிட்டு, அழகாக அசையும் மணிக்கட்டை மட்டும் காட்டுகிறார்கள். ஆகவே உலகம் மணிக்கட்டை நம்புகிறது.

ஊற்றும்போது நேரும் பிழை ஒன்றே ஒன்று, அச்சம். முதலில் கோப்பையைச் சாய்த்து, சற்று உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றினால் பால் க்ரீமாவுக்கு அடியில் மறையும். பாதி நிறைந்ததும் ஜக்கின் மூக்கைப் பரப்பை உரசுமளவு தாழ்த்தி, தாரையைத் துணிந்து கூட்ட வேண்டும். வெள்ளை அப்போதுதான் மேலே தங்கும். கோப்பையை நிமிர்த்திக்கொண்டே, கடைசியில் ஜக்கை உயர்த்தித் தாரையை மெலியவிட்டு நடுவே கீறினால் இதயம். கற்பவரோ, நிரம்பி வழிந்துவிடுமோ என்று அஞ்சி, ஊக்கம் வேண்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுகிறார். பால் மட்டும் போகிறது, நுரை பின்தங்குகிறது. முடிவில் அது மொத்தமாகப் ‘பொத்’தென்று விழுகிறது. இரண்டாம் வகை உருவங்கள் அனைத்திற்கும் மூலம் இந்தப் ‘பொத்’தே.

விழுந்ததற்குப் பெயரிடும் விதிகளைக் காண்போம். ஒரு பக்கம் குழிந்திருந்தால் இதயம். குழியாவிட்டால் ஆப்பிள். ஓரம் ஒதுங்கினால் மேகம். ரொசெட்டா இதழ் விரியாமல் நின்றால் டுலிப். டுலிப் சரிந்தால் அன்னம். எதிலும் அடங்காதபோது கோப்பையை மெல்லச் சுழற்றிப் பார்த்து, ஏதேனும் பொருள் தோன்றும் கோணத்தில் வைக்க வேண்டும். பெயரிடும் உரிமையை அருந்துபவரே எடுத்துக்கொள்வதும் உண்டு.

“தம்பி, இது மயிலா?”

“ஆமா சார், மயில்தான்.”

இவ்விடத்தில் காபி போட்ட பரிஸ்டா தம் நெஞ்சில் இருந்த இதயத்தைத் துறந்து மயிலை ஏற்கிறார்.

இங்கு ஃபில்டர் காபி மரபினர் ஒரு தடை எழுப்புவர்: நுரை எமக்குப் புதிதா? விடை: டவரா டம்ளரில் உயர்த்தி ஆற்றும்போது எழுபவை பெருங்குமிழிகள். டிகாக்‌ஷனோ தன் எடையால் சொட்டுச் சொட்டாக இறங்குவது. அழுத்தம் இல்லை, ஆகவே க்ரீமாவும் இல்லை, வரையப் பரப்பும் இல்லை. ஆனால் கல்யாண மண்டபத்து ‘எஸ்பிரஸோ’ காபியைக் குறைத்து மதிப்பிடலாகாது. இயந்திரம் இரைய, நுரை பொங்க, அதன் மேல் சாக்லேட் பொடியைத் தூவித் தந்தார்கள். அதில் என்ன உருவம் என்று ஒரு சம்பந்தியும் கேட்டதில்லை. பெயரிடல் சிக்கலை வேரோடு தீர்த்த ஒரே மரபு அதுதான்.

இதற்கு நேரெதிர், 2005 முதல் நடந்துவரும் உலக லாட்டே கலைப் போட்டி. அங்கே வரையப்போகும் உருவத்தின் படத்தை நடுவர்களிடம் முன்கூட்டியே தந்துவிட வேண்டும். கோப்பை படத்தை ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். போதாக்குறைக்கு அதே உருவத்தை இன்னொரு கோப்பையிலும் அச்சுப் பிசகாமல் ஊற்ற வேண்டும். ஊற்றிய பின் கருதும் மரபுக்கு இதைவிடக் கொடிய அநீதி இருக்க முடியாது. எனினும் பயிற்சியில் இருப்போர் இவ்விதியைக் களவாடிக்கொள்ளலாம்: வந்தது மேகம் என்றால், அடுத்த கோப்பையிலும் அதே மேகம் வருகிறதா? வந்தால் அது கருதி ஊற்றியது என்றே கொள்ளப்படும்.

பயிற்சிக்குப் பாலை வீணாக்க மனமில்லாதோர் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு நீராவி கொடுக்கலாம். நுரை ஏறக்குறைய பால் நுரையைப் போலவே நடக்கும். முடிந்ததும் கோப்பையைத் தொட்டியில் கொட்டிவிட வேண்டும். விருந்தினர் வந்திருக்கும் வீட்டில் இப்பயிற்சியை இவ்வாய்வு பரிந்துரைக்கவில்லை.

எஞ்சியிருப்பது சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டி, பெயர் அறிவிக்கப்படும் முன்பே கரண்டியால் கலக்கிவிடுவோர் பிரிவு. இவர்கள் கலக்கிய பின் தோன்றும் சுழலைக் கருதி ஊற்றியதில் சேர்ப்பதா, ஊற்றிய பின் கருதியதில் சேர்ப்பதா என்பதை அடுத்த கட்டுரையில் ஆராய்வோம்.