குளம்புக்குக் கீழே ஓர் ஆள்

ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும். மேலே வீரன், கையில் ஈட்டி. செல்போன்கள் எல்லாம் அங்கேயே நிற்கும். குளம்புக்குக் கீழே ஓர் ஆள் இருப்பான். அவனை யாரும் படம் பிடிப்பதில்லை. கல்லில் மட்டுமா?

யானைக்கு முன்னால் நிற்காதே, குதிரைக்குப் பின்னால் நிற்காதே என்பார்கள் ஊரில். நம்முடைய தொழில் பாதுகாப்புக் கொள்கை மொத்தமும் அவ்வளவுதான். கவளம் ஊட்டுகிறவன், லாடம் அடிக்கிறவன் எங்கே நிற்பது? கேட்காதீர்கள்.

ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்துச் சமயபுரத்தில், 2018 மே 25 அன்று, கோயில் யானை மசினி தன் பாகனை மிதித்துக் கொன்றது. நடை சாத்தினார்கள். மசினி ஒரத்தநாட்டுக்குச் சிகிச்சைக்குப் போனது; நீதிமன்ற உத்தரவில் முதுமலைக்குத் திரும்பியது. 2023 ஏப்ரலில் அங்கே தெப்பக்காட்டில் அதே மசினி தாக்கி இன்னொரு பாகன் செத்தார். 2024 நவம்பரில் திருச்செந்தூர் கோயில் யானை தெய்வானை: பாகனும் அவர் உறவினரும். நடை சாத்தி, பரிகார பூஜை செய்து, நடை திறந்தாயிற்று. தீட்டு போயிற்று.

யானை மேல் தப்பில்லை. காட்டில் திரிவதைக் கல்தரையில் கட்டியது நாம். அதற்காவது 48 நாள் புத்துணர்வு முகாம் நடத்தினோம். நடைப்பயிற்சி, சியவனப்பிராசம், எடை பார்ப்பு. பாகனின் எடையை எவன் பார்த்தான்?

இவர்கள் செத்ததால் செய்தியானவர்கள். சாகாதவன் கதை வேறு. பண்ணையில் குதிரை உதைத்து முட்டி பெயர்கிறது. ஓடிவரும் முதலாளி முதலில் தடவிப் பார்ப்பது குதிரையின் காலை. ஆளின் முட்டிக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து ஒரு பற்று. கையில் நூறு ரூபாய். "ரெண்டு நாள் படு, மூணாம் நாள் வந்துரு." அந்த ரெண்டு நாளுக்குச் சம்பளம் கிடையாது.

சட்டம் இல்லையா? இருந்தது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டப் பட்டியலில் யானை பழக்கும் வேலையும் இருந்தது, கால்நடை வளர்ப்பும் இருந்தது. ஆனால் நீ அங்கே வேலை பார்த்தாய் என்பதற்கு அத்தாட்சி எங்கே? வருகைப் பதிவேடு இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. உடைந்த கால் ஒன்றுதான் சாட்சி. பந்தயக் குதிரைக்குப் பாட்டன் பெயர் வரை பதிவேட்டில் இருக்கிறது. உதை வாங்குகிறவனுக்கு அவன் பெயரே இல்லை.

அடுத்த முறை சேஷராயர் மண்டபம் போனால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஊர் திரும்பியதும் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: சாணி அள்ளுகிற அந்த ஆளின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?