துளை போட்ட மரம்

ஜவ்வாது மலையில் சந்தன மரத்தை முதலில் சோதித்துப் பார்க்கிற நிபுணர் திருடர்தான். அடிமரத்தில் துளை போட்டு, வைரம் பாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பாயவில்லையென்றால் பெருந்தன்மையோடு விட்டுவிட்டுப் போவார். அந்த ஓட்டையோடு நிற்கிற மரத்தை வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா என்ற கவலை பட்டாதாரருக்கு.

வைத்துக்கொள்ளலாம். பக்கத்து மரங்களின் வேரிலிருந்து உறிஞ்சி வளர்கிற மரம் சந்தனம். ஒட்டிப் பிழைக்கத் தெரிந்தவனுக்கு ஓர் ஓட்டை பெரிதல்ல. ஆனால் நல்ல வைரம் ஏறப் பல வருஷம் ஆகும். அதுவரை காவல் இருக்க வேண்டும். துளை போட்டவருக்கோ முகவரி நினைவிருக்கும்.

எடுத்துவிடலாம். அதற்கென்று பட்டா நிலச் சந்தன மரங்களுக்கான 2008-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. தன் நிலத்து மரம்தானே என்று கோடரியைத் தூக்க முடியாது. வனத்துறைக்கு மனுப் போட வேண்டும். திப்பு சுல்தான் 1792-ல் மைசூரில் சந்தனத்தை மன்னருக்குரிய மரமாக அறிவித்ததாகச் சொல்வார்கள். மன்னர்கள் போய்விட்டார்கள், மரம் இன்னும் கும்பிடு கேட்கிறது. முறைப்படி எடுப்பதென்றால் வெட்டுவதுகூட இல்லை, வேரோடு தோண்டுவது. எண்ணெய் வேரிலும் உண்டு. பிறகு கட்டைகள் மலையிறங்கித் திருப்பத்தூர் அரசு சந்தனக் கிடங்குக்குப் போய், தரம் பிரிக்கப்பட்டு, ஏலத்துக்குக் காத்திருக்கும்.

திருடரின் நடைமுறை எளிது. பட்டா நகல் கேட்பதில்லை. ராத்திரியிலும் அலுவலகம் உண்டு. ஒரே குறை, அவசரத்தில் வேரை விட்டுவிட்டுப் போய்விடுவார். மறுநாள் அந்த அடிக்கட்டைக்குப் பட்டாதாரர்தான் விளக்கம் எழுத வேண்டும்.